முதுகில் நகர்ந்த கோடு

ஐந்தரை மணிக்கு அவன் எழுந்து அடுப்பில் தண்ணீர் வைப்பான். அது கொதிப்பதற்குள் பல் தேய்த்து, பால் பாக்கெட்டின் மூலையை வெட்டி, வடிகட்டியில் ஒட்டியிருக்கும் நேற்றைய தேயிலையைத் தட்டிவிடுவான். ஆறு மணிக்கு அவள் எழுவாள். இருவரும் சமையலறையில் நின்றபடியே டீ குடிப்பார்கள். குடித்து முடித்ததும் அவள் ஜன்னலருகே போய், வெளிச்சம் முதுகில் விழும்படி திரும்பி நின்று, சட்டையைத் தோள்வரை ஏற்றிப் பிடித்துக்கொள்வாள். அவன் டிரேசிங் பேப்பரை அவள் முதுகின்மேல் விரிப்பான். அங்கே மூன்று மச்சங்கள் உண்டு. தாள்களைப் பின்னால் பொருத்திப் பார்ப்பதற்காக ஒவ்வொன்றின்மேலும் ஒரு புள்ளி வைப்பான். பிறகு தோலில் தெரியும் சிவப்புக் கோடுகளை மேலிருந்து கீழாகப் பேனாவால் நகல் எடுப்பான். தாளின் மூலையில் தேதியும் மணியும் எழுதுவான். அவள் சட்டையை இறக்கிவிட்டுக் குளிக்கப் போவாள். அவன் தாளைச் சுருட்டி உறையில் போட்டுவிட்டு, இரண்டு டிபன் பாக்ஸ் கட்டுவான். எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு இருவரும் ஒரே பஸ்ஸில் ஒரே அலுவலகத்துக்குப் போவார்கள்.

நாலு நாள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாளிலிருந்து அவன் திருட்டுத்தனம் செய்தான்.

அதைச் சொல்வதற்கு முன்னால் அவர்கள் வேலையைச் சொல்லிவிட வேண்டும். அது நில அளவை அலுவலகம். அவன் சர்வேயர். வெளியே போய் மேடு பள்ளங்களை அளந்து, புத்தகத்தில் எழுதிக்கொண்டு வருவான். அவள் வரைவாளர். அந்த எண்களை வைத்துக்கொண்டு, ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களையெல்லாம் ஒரே கோட்டால் இணைப்பாள். பெரிய குன்று ஒன்று அவள் கைபட்டால் வளையத்துக்குள் வளையமாகத் தாளில் படுத்துக்கொள்ளும்.

சர்வேயர்களிடம் ஒரு தில்லுமுல்லு உண்டு. வெயில் மண்டையைப் பிளந்தாலோ, போகிற வழி முள்ளாக இருந்தாலோ, அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் நிழலில் உட்கார்ந்து, முந்தைய எண்ணையும் அடுத்த எண்ணையும் பார்த்து நடுவில் ஒன்றைக் குத்துமதிப்பாக எழுதிவிடுவார்கள். அதற்கு அலுவலகத்தில் மேசையளவு என்று பெயர். எல்லாரும் செய்வார்கள். ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம் அவனும் ஒரு பக்கம் மேசையளவு எழுதிக் கொடுத்தான். மறுநாள் புத்தகம் திரும்பி வந்தது. கொண்டுவந்தவள் அவள்தான்.

“சர்வேயரே, இந்த நாப்பத்தியோராம் பக்கத்துக்கு நீங்க போகலை.”

“போனேனே மேடம்.”

“போயிருந்தா கோடு இவ்வளவு அழகா வராது. நிலம் இப்படி ஒழுங்கா இருக்காது. போய் அளந்துட்டு வாங்க.”

போனான். அங்கே ஒரு பள்ளம் இருந்தது. ஆள் இறங்கினால் தலை தெரியாது. ஒன்றரை வருஷம் கழித்து அவளைக் கல்யாணம் செய்துகொண்டான். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அவனைச் சர்வேயரே என்றாள், அவன் அவளை மேடம் என்றான். மரியாதை அந்த ஒரு சொல்லோடு சரி. மற்றதெல்லாம் நீ, வா, போதான்.

மூன்றாம் வருஷம் அவள் வலது தோளுக்குக் கீழே காசு அளவில் ஒரு சிவப்பு வந்தது. படர்தாமரை என்றார்கள் எல்லாரும். அவளுடைய அம்மா போனிலேயே வைத்தியம் சொல்லிவிட்டாள்: “சோப்பை மாத்துடி.” சோப்பு மாறியது. சிவப்பு மாறவில்லை. ஒரு மாதத்தில் அது வளையம் வளையமாகப் பிரிந்து, இழைத்த பலகையில் ஓடும் ரேகைபோல முதுகு பூராவும் பரவியது. ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் தோல் மெல்லிசாக உரிந்து நின்றது. அரிப்பென்றால் அப்படியொரு அரிப்பு. அவள் மர ஸ்கேலை எடுத்துச் சட்டைக்குள் விட்டுச் சொறிந்துகொண்டே வரைபடம் போட்டாள்.

தெருமுனைத் தோல் டாக்டர் நாற்காலியை விட்டு எழாமலேயே களிம்பு எழுதினார்.

“டாக்டர், இது நகருது,” என்றாள் அவள்.

“அரிப்பு இருந்தா அப்படித்தான்மா தோணும்.”

“தோணலை. நேத்து உள்ளாடைப் பட்டைக்கு மேல அரிச்சுது. இன்னிக்குப் பட்டைக்குக் கீழ.”

“அரிப்பு எல்லா இடத்துலயும்தான் இருக்கும். தோல் எங்கயாவது நடக்குமா? நான் இருபத்திரெண்டு வருஷமா தோல் பாக்குறேன்.”

“நான் முப்பத்தியொரு வருஷமா இந்தத் தோலுக்குள்ள இருக்கேன்.”

மருந்துச் சீட்டை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். படியிறங்கும்போது அவன், “கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்,” என்றான். “மெதுவாத்தான் சொன்னேன். நான் சத்தமா சொல்லி நீ இன்னும் பாத்ததில்லை,” என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்கு ஒரு டாக்டரம்மா இருந்தார். ஓய்வு பெறுகிற வயது. மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. அதனால் வரிசையில் நிற்பவர்கள் அவரை நாலு கண் டாக்டர் என்பார்கள். அவர் லென்ஸை வைத்து அவள் முதுகை வெகுநேரம் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், தோலில் ஒரு துணுக்கு வெட்டினார்கள். எல்லாம் சுத்தமாக வந்தது.

“இதைப் படிச்சிருக்கேன். பாத்ததில்லை,” என்றார் டாக்டர். “சில சமயம் இது தோல் வியாதியே இல்ல. உள்ள எங்கயாவது ஒரு கட்டி இருக்கும். உடம்பு அதோட சண்டை போடுறப்ப தோலையும் சேத்து அடிக்கும். அப்ப இப்படி வரும். ஆனா லட்சத்துல ஒருத்தருக்குக்கூட வராது. வர்றவங்களும் அறுபது வயசுக்காரங்க.”

“கட்டின்னா?” என்றான் அவன்.

“புற்று,” என்றாள் அவள், டாக்டருக்குப் பதிலாக.

டாக்டர் மறுக்கவில்லை. “அதுவா இருந்தா கோடு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் நகரும். படர்தாமரை அவ்வளவு வேகமா ஓடாது. ஸ்கேனுக்கு வரிசை மூணு மாசம். உங்களை முன்னால நுழைக்கணும்னா மேல காட்ட எனக்கு ஆதாரம் வேணும். நகருதுன்னு நீங்க சொல்றது ஆதாரம் ஆகாது.”

“பத்து நாள் குடுங்க டாக்டர். வரைபடமாவே கொண்டு வர்றேன்.”

பஸ்ஸில் அவள் உற்சாகமாக இருந்தாள். முதல்முறையாக ஒரு டாக்டர் அவளிடம் கேள்வி கேட்டிருக்கிறார். தன் முதுகைத் தன்னால் பார்க்க முடியாது, கண்ணாடி எல்லாவற்றையும் திருப்பிக் காட்டும், அதனால் நகல் எடுப்பது அவன் வேலை என்று அங்கேயே முடிவு செய்தாள். பத்துத் தாளும் சேரும்வரை தான் எதையும் பார்க்கப் போவதில்லை என்றும் சொன்னாள். பாதி அளவைப் பார்த்தால் வரைகிறவர் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அது அவள் தொழிலில் எழுதாத சட்டம்.

ஆகவே முதல் நாலு தாள்களையும் பார்த்தவன் அவன் மட்டும்தான். அவள் குளிக்கப் போனதும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஸ்கேலால் அளப்பான். எட்டு மில்லிமீட்டர். ஒன்பது. ஒன்பது. நாலாம் நாள் காலை அந்த மூன்றாவது எண்ணை அவன் இரண்டு முறை அளந்து பார்த்தான். குளியலறையில் அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் நேற்றைய தாளை அடியிலும் புதிய தாளை மேலேயும் வைத்து அவள் முதுகில் விரித்தான். பேனா தோலில் அழுந்தும். அவளுக்கு வித்தியாசம் தெரியாது. நேற்றைய கோடுகளையே, ஒரு மயிரிழை தள்ளி, மறுபடி வரைந்தான்.

“இன்னிக்குப் பேப்பர் கனமா இருக்கே?”

“ஈரம். நேத்து மழையில்ல.”

கோடு நின்றால் நோயும் நின்றுவிடும் என்று அவன் நம்பினான் என்று நினைக்க வேண்டாம். படித்தவன்தான். அவனுக்கு இன்னும் சில காலைகள் வேண்டியிருந்தன, அவ்வளவுதான். டீ, டிபன் பாக்ஸ், பஸ். எட்டாம் நாள் அவள், “அரிப்பு இடுப்புக்கு வந்துட்ட மாதிரி இருக்கு சர்வேயரே,” என்றாள். “அரிப்பு எல்லா இடத்துலயும்தான் இருக்கும்,” என்றான். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று அவனுக்கு உறைத்தது. சட்டையை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலிலேயே நின்றாள்.

பதினோராம் நாள் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. அணைக்கட்டு வரைபடம் ஒன்று அன்றைக்கே போயாக வேண்டும், விடுப்புக் கிடைக்கவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு அவன் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனான். நாலு கண் டாக்டர் பத்தையும் ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்.

“முதல் நாலு நாள் ஓடியிருக்கு. அப்புறம் நின்னுடுச்சு,” என்றார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. “நல்ல செய்திதான். நான் பயந்தது இல்ல இது. ஸ்கேன் வேண்டாம். ஒன்றரை மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க.”

அவன் தலையாட்டினான். வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடுமோ என்று மென்று விழுங்கினான். வீட்டுக்கு வந்து அவளிடம் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

“அப்படியா?” என்றாள். உறையைக் கேட்டு வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பத்தரை மணி இருக்கும். அவன் மேசைக்கு வந்து நின்றாள்.

“சர்வேயர், கொஞ்சம் வர்றீங்களா?”

அலுவலகத்தில் ‘நீங்க’ போடுவது வழக்கம்தான். ஆனால் ‘சர்வேயரே’ இல்லை, ‘சர்வேயர்’. பக்கத்து மேசைக்காரர், ஆணி என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒல்லி மனிதர், “என்னப்பா, மறுபடியும் மேசையளவா?” என்று கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

வரைவாளர் அறையில் ஒரு கண்ணாடி மேசை உண்டு. அடியில் விளக்கு எரியும். அதன்மேல் தாள்களை இரண்டு அடுக்காக வைத்திருந்தாள்.

“இது முதல் நாலு நாள். மச்சத்தைப் பாரு. ஒண்ணு ஒண்ணோட ஒட்டலை. ஒரு முடி இங்க, ஒரு முடி அங்க. ஏன்?”

அவன் தாள்களின்மேல் குனிந்தான்.

“ஏன்னா நான் மூச்சு விடுறேன். நிக்கிறப்ப ஆடுறேன். மனுஷ முதுகு. இது அஞ்சுலேருந்து பத்து வரைக்கும். ஆறு தாள். மூணு மச்சமும் ஒரே இடத்துல, ஊசி குத்தின மாதிரி. ஆறு நாளா நான் மூச்சு விடலையா சர்வேயரே?”

“மேடம்...”

“கோடெல்லாம் எவ்வளவு அழகா இருக்கு பாரு.”

“பயமா இருந்துச்சு.”

“உனக்கா? முதுகு என்னோடது.” அவள் குரலை உயர்த்தவில்லை, கதவுக்கு அப்பால் ஆணி இருந்தார். “நீ அழுதிருக்கலாம். என்னைத் திட்டியிருக்கலாம். அம்மா வீட்டுக்குப் போன்னு துரத்தியிருக்கலாம். அந்தக் களிம்புக்காரன் என்னை நம்பலை, சரி, அவன் யாரோ. நீ நம்பினே. நம்பிட்டு மாத்தி எழுதினே. என் முதுகுல மேசையளவு எழுத உனக்குக் கை எப்படி வந்துச்சு?”

அவன் கைநீட்டி மேசை விளக்கை அணைத்தான்.

அவள் தாள்களைச் சுருட்டினாள். “பையை எடு. அரை நாள் லீவு எழுதிக் குடு. கிளம்பு.”

ஆஸ்பத்திரியில் வாசல் ஊழியர் கையை நீட்டி மறித்தார். “டோக்கன்?”

“இல்லை.”

“சீட்டுல ஒன்றரை மாசம் கழிச்சுன்னு போட்டிருக்கேம்மா.”

“அது தப்பான அளவுக்குக் குடுத்த தேதி. தள்ளுங்க.”

“எல்லாரும் வரிசையிலதான்மா நிக்கிறாங்க.”

“நான் மூணு மாசமா நிக்கிறேன். நீங்க இப்பதான் பாக்குறீங்க.”

வரிசையில் இருந்த ஒரு பெரியவர், “அட, விடுப்பா. உள்ள போகாம இந்தப் பொண்ணு அடங்காது,” என்றார். ஊழியர் கையை இறக்கினார்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, “அவரே சொல்லுவாரு,” என்றாள். அவன் நின்றுகொண்டே சொன்னான். ஐந்தாம் நாளிலிருந்து, அடித்தாள், மேல்தாள், எல்லாம். சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டாக்டர் இரண்டு கண்ணாடியையும் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஏன்?”

“அதை நான் வீட்ல கேட்டுக்குறேன் டாக்டர்,” என்றாள் அவள். “இப்ப நீங்க பேனா எடுங்க. என் முதுகுல எந்தக் கோடு உங்களுக்குத் தெளிவாத் தெரியுதோ அதோட ஓரத்துல நீங்களே ஒரு கோடு போடுங்க. யார் அளவும் வேண்டாம். நாளைக்குக் காலையில வர்றேன், குளிக்க மாட்டேன். சிவப்பு உங்க கோட்டைத் தாண்டியிருந்தா ஸ்கேன். தாண்டலேன்னா இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன்.”

டாக்டர் கோடு போட்டார். நீல மை.

மறுநாள் காலை எட்டரைக்கு அவள் சட்டையை ஏற்றினாள். நீலக் கோடு அங்கேயே இருந்தது. சிவப்பு அதைத் தாண்டிப் போயிருந்தது. டாக்டர் ஸ்கேல் வைத்தார்.

“ஒம்பது மில்லிமீட்டர்.”

“சொன்னேன்ல!” என்று அவள் திரும்பினாள். முகம் பூராவும் சிரிப்பு. எதிரே இரண்டு பேர் சவக்களையுடன் நிற்பதைப் பார்த்தாள். பார்த்த பிறகும் அந்தச் சிரிப்பை அவள் உடனே எடுத்துவிடவில்லை. ஜெயித்தது ஜெயித்ததுதான்.

நாலாம் நாள் ஸ்கேன். இடது நுரையீரலில், இதயத்துக்குப் பின்னால், எக்ஸ்ரே கண்ணுக்குப் படாத இடத்தில், எலுமிச்சம்பழ அளவில் இருந்தது. வாழ்க்கையில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை அவள். “அநியாயமா இருக்கே,” என்றாள் அவளுடைய அம்மா. “அநியாயம்தான். அதுக்காகச் சும்மா விட்டுடுவேனா?” என்றாள் மகள்.

தாழ்வாரத்தில் அவன் டாக்டரைத் தனியே பிடித்தான். “அந்த ஆறு நாள்...” என்றான்.

“ஆறு நாள்ல ஒண்ணும் ஆகியிருக்காது,” என்றார் டாக்டர். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அது அளந்து சொன்னதா, மேசையளவா என்று அவனுக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முதல்நாள் டாக்டர் ஓர் அனுமதி கேட்டார். இப்படி ஒரு முதுகை மாணவர்கள் இனிமேல் பார்க்கவே மாட்டார்கள், காட்டலாமா? காட்டலாம், ஆனால் கேள்வியை நான்தான் கேட்பேன் என்றாள். பதினைந்து பேர் வெள்ளைக் கோட்டில் வந்து நின்றார்கள். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“என்ன வியாதி? தைரியமா சொல்லுங்க.”

“படர்தாமரை,” என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

“உங்களுக்கு எங்க தெருமுனையில ஒரு கிளினிக் தயாரா இருக்கு தம்பி. நாற்காலிகூடப் போட்டாச்சு.”

சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண் முன்னால் வந்து தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள்.

“தொடுறதுக்கு முன்னால கேளுங்கம்மா. எப்ப வந்துச்சு, எங்க வந்துச்சு, நகருதான்னு கேளுங்க.”

“நகருதா?”

“நகருது. நான் சொன்னா நம்புவீங்களா?”

அந்தப் பெண் திரும்பி டாக்டரைப் பார்த்தாள்.

“அங்க என்ன பார்வை? முதுகு இங்க இருக்கு,” என்றாள் அவள். “நம்ப வேண்டாம். அளங்க. ஆனா அளக்கிறதுக்கு முன்னாடியே இல்லேன்னு சொல்லாதீங்க. இதை எழுதிக்கங்க எல்லாரும்.”

பதினைந்து பேரும் எழுதிக்கொண்டார்கள். டாக்டரும் எழுதியதை அவன் பார்த்தான்.

கட்டியை எடுத்தார்கள். அதற்கப்புறம் நடந்ததை அவன் கண்ணால் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டான். ஒரு தைலமும் இல்லை, களிம்பும் இல்லை. மூன்றாம் நாள் அரிப்பு நின்றது. பத்தாம் நாள் கோடுகள் வெளிறின. மூன்றே வாரத்தில் முதுகு, ஈரத்துணியால் துடைத்த கரும்பலகைபோல ஆகிவிட்டது. மூன்று மச்சம் மட்டும் மிச்சம். பக்கவாட்டில் நீளமாக ஒரு தையல். அவள் வேலைக்குத் திரும்பினாள். ஆணி அவள் மேசைமேல் ஒரு புது மர ஸ்கேலை ரிப்பன் கட்டி வைத்திருந்தார். “சொறியறதுக்கு இல்லம்மா, வரையறதுக்கு,” என்றார்.

தினமும் காலையில் அவள் ஜன்னலருகே போய் நிற்பது நிற்கவில்லை. அவன் பார்ப்பான். “ஒண்ணுமில்ல,” என்பான். சட்டை இறங்கும். ஏழு மாதம் அப்படிப் போனது.

ஏழாம் மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, தோளெலும்புக்குக் கீழே மெல்லிசாக ஒரு வில் இருந்தது. நகத்தால் கீறியதுபோல. ‘ஒண்ணுமில்ல’ என்கிற சொல் அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பால் அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்தது.

“மேடம்.”

“ம்.”

“இருக்கு.”

அவள் திரும்பவில்லை. “எத்தனை?”

“ஒண்ணு. அரை விரக்கடை நீளம்.”

“நல்லாப் பாத்தியா?”

“நல்லாப் பாத்தேன்.”

அவள் தோள்கள் ஒருமுறை ஏறி இறங்கின. “அடுப்பை அணை. பேப்பர் எடுத்துட்டு வா.”

ஒற்றைத் தாளை விரித்தான். வரைந்த கோடு புழுப்போல நெளிந்தது. அவள் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“கேவலமா இருக்கு கோடு,” என்றாள். பிறகு, “நல்லது,” என்றாள்.

இரண்டாம் முறை புற்று எலும்புக்கும் போயிருந்தது. மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, தலையில் வரைபடம் போடலாம் போலிருக்கிறதே என்று அவளே சொன்னாள். உட்கார முடிகிறவரை அலுவலகம் போனாள். உட்கார முடியாதபோது பலகையை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிப் படுத்துக்கொண்டு வரைந்தாள். வளையங்கள் மறுபடி முதுகெல்லாம் பரவின. அவன் தினமும் நகல் எடுத்தான். ஒரு நாள்கூடத் தவறவில்லை, ஒரு கோடுகூடத் தள்ளிப் போடவில்லை. தாள்கள் நாலு கண் டாக்டரிடம் போயின. அவர் அவற்றை ஒரு மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். “வரைஞ்சது யாரு, முதுகு யாரோடதுன்னு போடணும். சும்மா ‘ஒரு நோயாளி’ன்னு போட்டீங்கன்னா நான் எந்திரிச்சு வந்து சண்டை போடுவேன்,” என்றாள்.

கடைசி வாரம் வார்டில் அவளுடைய அம்மா அவனைத் திரைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனாள். “மாப்பிள்ளை, தலைக்கும் போயிடுச்சுன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டா.”

திரைக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. “அம்மா, சொல்லிட்டாரு. நேத்தே. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீதான் தாங்க மாட்டேன்னு உங்கிட்ட சொல்லலை.”

அவள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் ஒரு மணிக்கு. மறுநாளே வீடு நிறையச் சொந்தக்காரர்கள். கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிப் போட்டிருந்தார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் அவளுடைய அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: “‘அம்மா, அவரை நல்லாப் பாத்துக்கோம்மா’ன்னு என் கையைப் பிடிச்சுச் சொன்னா. சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினா.” கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவன் எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூன்றாம் முறை அது காதில் விழுந்தபோது தலையை நிமிர்த்தினான்.

“இல்லை அத்தை. அப்படிச் சொல்லலை.”

“சொன்ன மாதிரிதான் மாப்பிள்ளை இருந்துச்சு எனக்கு.”

“சொல்லலை அத்தை.”

“சரி, சொல்லலைன்னே வச்சுக்கங்க. இப்ப அதனால யாருக்கு என்ன நஷ்டம்? நல்ல வார்த்தைதானே? விட்டுடுங்களேன்.”

“முடியாது அத்தை,” என்றான். “நான் பக்கத்துல நின்னேன். என்ன சொன்னான்னு எனக்குத் தெரியும்.”

“அப்ப என்னதான் சொன்னா?”

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். சொன்னான். நடந்தது நடந்தபடி சொன்னான், ஒன்றைக்கூட அழகு பண்ணவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நர்ஸ் வந்தாள். கையில் ஓர் அட்டை. அதில் ஒரு தாள். தாளில் வரிசையாகக் கட்டங்கள். நோயாளியிடம் வலியைக் கேட்டு அதில் குறிக்க வேண்டும். ஒன்றிலிருந்து பத்துக்குள் இப்போது எவ்வளவு வலிக்கிறது என்று நர்ஸ் கேட்டாள். அவள் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அது முகத்தில் தெரிந்தது. பிறகு, “ஆறரை,” என்றாள். நர்ஸின் பேனா அசைந்தது. படுத்தவாக்கிலேயே அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

“ஏழு போட்டீங்களா?”

“அரையெல்லாம் இதுல இல்லம்மா. ஆறுக்கு ஒரு கட்டம், ஏழுக்கு ஒரு கட்டம். நடுவுல கட்டம் இல்ல. ஏழுன்னே இருக்கட்டுமே, மருந்து கொஞ்சம் சேத்துக் கிடைக்கும்.”

அட்டையைக் கொண்டா என்று அவள் கையை நீட்டினாள். நர்ஸ் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். அவள் மேலிருந்து கீழாக முழுத் தாளையும் பார்த்தாள், அலுவலகத்தில் பார்ப்பதுபோல. நடுவில் மூச்சு வாங்க இரண்டு முறை பார்ப்பதை நிறுத்தினாள். அதற்குப் பிறகு தூங்கிப்போனாள், எழவில்லை. தூங்குவதற்கு முன்னால் நர்ஸைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

“அப்போ நடுவுல ஒரு கட்டம் போடுங்க.”